முன்பணம் கொடுக்கும் நாளிலேயே சத்தத்தைப் பேசிவிடுவோம்

ஆடித் திருவிழாவுக்காக ஆனி கடைசியில் ஊர்க்கூட்டம் கூடிவிடும். எந்த வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவது, தலைக்கட்டு வரி எவ்வளவு, கூழ் ஊற்றும் பொறுப்பு யாருக்கு, கரகம் எந்தத் தெரு வழியாக வரும், நாடகமா பாட்டுக் கச்சேரியா, மைக் செட்டுக்கு யாரிடம் முன்பணம் கொடுப்பது என்று எல்லாமே பைசா சுத்தமாகப் பேசி முடிக்கப்படும். பழைய கணக்கு நோட்டைப் பிரித்து, போன வருடம் பந்தலுக்கு என்ன ஆனது என்று ஒருவர் வாசிப்பார். பூ விலை ஏறிவிட்டது என்று இன்னொருவர் திருத்துவார். அந்த நோட்டில் இடம்பெறாத கேள்வி ஒன்று உண்டு: சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்?

யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் கைவிரலால் பதில் சொல்லிவிடுகிறார். தொட்டில் குழந்தை, மறுநாள் தேர்வு எழுதப்போகும் மாணவி, இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் செவிலியர், நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர் என்று அந்தத் தெருவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவர் வைத்ததுதான் அளவு. தாங்க முடியாதவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை, “காதைப் பொத்திக்கோ” அல்லது “நாலு நாளைக்குப் பொறுத்துக்கோ” என்பதுதான்.

செவியைக் காக்கும் வேலையைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். பஞ்சு வைத்துக்கொள்வதும் கதவைச் சாத்துவதும் கடைசி வழிகளாக இருக்க வேண்டியவை. முதல் பொறுப்பு சத்தத்தை உண்டாக்குபவருக்கு. அதைப் பேச வேண்டிய நேரம், சத்தம் தொடங்குவதற்கு முன்பு. திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் பேருந்தின் ஹாரனுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும். ஏன் முன்பே என்பதற்கான காரணம் நம் காதுக்குள்ளேயே இருக்கிறது.

மீண்டும் முளைக்காத செல்கள்

உள்காதில் காக்ளியா என்ற சுருள் உறுப்பு இருக்கிறது. அளவில் ஒரு பட்டாணிதான். அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையைத் தட்டி, மூன்று குட்டி எலும்புகள் வழியாக உள்ளே வந்து, காக்ளியாவின் நீரை அசைக்கிறது. அந்த அசைவில் மயிர்ச்செல்களின் நுனி வளைகிறது; வளைவு மின்குறியாக மாறி மூளைக்குப் போகிறது. குழந்தையின் மழலையும் நாகஸ்வரத்தின் குழைவும் நமக்குக் கிடைப்பது இந்த வழியில்தான்.

பெரும் சத்தம் இந்தச் செல்களைச் சாய்த்துவிடுகிறது. லேசான காற்றில் தலைசாய்ந்த நெற்பயிர் மறுநாள் நிமிர்ந்துவிடும். பேய்மழையில் தண்ணீரோடு படிந்த கதிர் நிமிராது. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் காது அடைத்ததுபோல் இருப்பதும், ‘ஙொய்ங்’ என்று இரைவதும், காலையில் சரியாகிவிடுவதும் முதல் வகை. சத்தம் தொடர்ந்தாலோ மிகப் பெரிதாக இருந்தாலோ செல்களே இறந்துபோகின்றன. கோழிக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும் என்று 1980களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதருக்கு முளைப்பதில்லை. போனவற்றைத் திருப்பித் தரும் மருந்தோ அறுவை சிகிச்சையோ இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

‘காலையில் சரியாகிவிட்டதே’ என்று நிம்மதி அடையவும் முடியாது. போஸ்டனில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சத்தத்துக்கு ஆளான சுண்டெலிகளின் கேட்கும் திறன் சில நாட்களில் பழையபடி திரும்பியது. சோதனையில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால், மயிர்ச்செல்லையும் செவிநரம்பையும் பிணைக்கும் முனைகளில் கணிசமான பகுதி அறுந்துபோயிருந்தது. மனிதக் காதில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்ற ஆய்வு தொடர்கிறது. ‘தற்காலிகம்தான்’ என்று சத்தத்துக்கு இனி நற்சான்று தர முடியாது என்பது மட்டும் உறுதி.

மயிர்ச்செல்களே இறந்துபோன சேதத்தையோ செவித்திறன் சோதனை அறையில் கண்ணாலேயே பார்க்கலாம். சத்தம் புகாத சிறிய அறை. காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். மெல்லிய ‘பீப்’ ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதையும் கேட்காததையும் பரிசோதகர் வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டே வருவார். சத்தத்தில் வேலை பார்த்தவரின் கோடு 250, 500, 1,000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வரும். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் திடீரென்று பள்ளத்தில் இறங்கும். 8,000 ஹெர்ட்ஸில் கொஞ்சம் மேலே ஏறும். வயோதிகத்தால் வரும் காது மந்தம் இப்படிப் பள்ளம் விழுந்து ஏறாது, சரிந்துகொண்டே போகும். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அனுபவமுள்ள மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி: “என்ன வேலை பார்க்கிறீங்க?”

பாதிக்கப்பட்டவர் அந்தப் பள்ளத்தை உணரும் விதம் வேறு. “பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல” என்பார். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் காதில் விழுந்துவிடும். ‘ச’, ‘ஸ’ போன்ற மெய்யொலிகள் உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் நழுவிவிடும். காசு என்றாரா காது என்றாரா என்று தடுமாற்றம் வரும். குழந்தைகளின் குரல் முதலில் மங்கும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நாலு பேர் பேசினால் ஒன்றும் பிடிபடாது. இரண்டு தடவை ‘என்ன?’ என்று கேட்டவர், மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா தலையாட்டுவார். நாளடைவில் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுவார். மறதிநோய்க்கான காரணிகளில் நம்மால் தடுக்கக்கூடியவை என்று லான்செட் ஆணையம் வரிசைப்படுத்தியவற்றில், நடுவயதில் வரும் செவித்திறன் இழப்பும் ஒன்று.

மூன்று டெசிபலின் கணக்கு

சத்தத்தின் அளவு டெசிபல். இதன் ஏற்றம் நாம் பழகிய கூட்டல் கணக்கில் வராது. 3 டெசிபல் கூடினால் காதுக்கு வரும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும். 10 கூடினால் பத்து மடங்கு. 85 டெசிபலில் ஒருவர் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது பணியிடங்களுக்காக வல்லுநர்கள் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணி நேரம். 94இல் ஒரு மணி நேரம். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கடன்.

பெரிய ஒலிபெருக்கி அடுக்குக்கு முன்னால் 100 டெசிபல் என்பது சர்வ சாதாரணம். ‘டிஜே’ வண்டிக்குப் பின்னால் மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டு போகும் பையன், ஒரு நாளைக்குரிய அளவைப் போலப் பன்னிரண்டு மடங்கை ஒரே மாலையில் வாங்கிக்கொள்கிறான். அப்பாவின் தோளில் உட்கார்ந்து வரும் மூன்று வயதுக் குழந்தை, பெரியவர்களைவிட உயரத்தில், ஒலிபெருக்கியின் வாய்க்கு நேராக இருக்கிறது. தூரம் இங்கே பெரிய பாதுகாப்பு. திறந்தவெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் நிற்பவர் எட்டு மீட்டருக்குத் தள்ளிப் போனால் 12 டெசிபல் குறைகிறது. பதினைந்து நிமிட வரம்பு நான்கு மணி நேரமாகிறது.

அளக்கும் கருவி இல்லாமலும் அபாயத்தை அறியலாம். கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். கத்தித்தான் பேச முடிகிறது என்றால் அங்கே அதிக நேரம் நிற்கக் கூடாது.

தினம் தினம் தறிச் சத்தம்

திருவிழா சில நாட்கள்தான். குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிக் கூடங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து அடிபடும் ஓசை, ஒரு தறிக்கே காதை நிறைக்கும். தகரக் கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு தறிகள் ஒன்றாக ஓடும்போது சத்தம் 90 டெசிபலை எளிதில் கடந்துவிடும். உள்ளே பேச்சு கிடையாது. இழை அறுந்ததைச் சொல்லவும், சாப்பிடப் போகலாம் என்று அழைக்கவும் கைஜாடைதான். இல்லாவிட்டால் காதோடு வாய்வைத்துக் கத்த வேண்டும். அந்தக் கூடத்தின் ஓரத்திலேயே தொட்டில் கட்டி, குழந்தையைத் தூங்க வைக்கும் தாய்மார்களும் இருக்கிறார்கள்.

திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைகளிலும், லேத் பட்டறைகளிலும், கல் அறுக்கும் இடங்களிலும் கதை இதேதான். இது புதிதாகக் கண்டறியப்பட்ட நோயும் இல்லை. தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலியரான பெர்னார்டினோ ரமாஸினி, செம்பு தட்டுபவர்களின் காது மெல்ல மெல்ல மந்தமாகி, முதுமையில் முற்றிலும் கேளாமல் போவதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். முந்நூறு ஆண்டுகள் கழித்தும் நம் பட்டறைகளில் சுத்தியல் அடிப்பவரின் காதில் ஒரு நுரை அடைப்பான்கூட இல்லை.

சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, இந்தியச் சட்டங்களின்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்; இழப்பீட்டுக்கு உரியதும்கூட. சிறு தறிக்கூடங்களிலும் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளிலும் அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பது அரிது. மாற்றுத்திறனாளி என்ற சான்றுக்குப் போனால் வேறொரு சுவர் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, பேச்சொலிக்குரிய அதிர்வெண்களில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவர் செவித்திறன் குறைந்தவர். தறிச் சத்தத்தில் 40 டெசிபலை இழந்து, பேரக்குழந்தை பேசுவது புரியாமல் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். இழந்த பிறகு கைதூக்கிவிட ஆளில்லாத இழப்பு இது. முன்பே தடுப்பதைத் தவிர அவருக்கு வேறு நியாயம் கிடையாது.

அதற்கு வழியும் இருக்கிறது. தறிகளின் தேய்ந்த பாகங்களை மாற்றுவது, அடியில் ரப்பர் கட்டை வைப்பது, கூரையிலும் சுவரிலும் ஒலியை உள்வாங்கும் பலகை அடிப்பது, வேலையாட்களைச் சுழற்சி முறையில் மாற்றுவது, காதுக் கவசத்தை முதலாளியே வாங்கித் தருவது. கடைசியில் சொன்னதற்கு ஆகும் செலவு ஒரு பாவு நூலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பறவைகளுக்குக் கொடுத்த வரம்

தீபாவளிக்கு வருவோம். இந்தியாவில் ஒரு வெடி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பக் கூடாது. உச்ச அழுத்தக் கணக்கில் அந்த வரம்பு 145 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டுதலோ, வெடி போன்ற திடீர் ஒலியின் உச்சம் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட வெடிகூடக் குழந்தையின் காதுக்குப் பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதுதான் இதன் பொருள். நம் தெருவில் 4 மீட்டர் தள்ளி நின்று யார் வெடிக்கிறார்கள்? ஊதுபத்தியை நீட்டிப் பற்றவைத்துவிட்டு ஓடுவதற்குள் திரி எரிந்துவிடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் வெடித்தால் அந்த அளவோடு இன்னும் 12 டெசிபலாவது கூடும்.

நடுக்காதில் ஒரு சிறு தசை இருக்கிறது. பெரும் சத்தம் வந்தால் அது இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் கொஞ்சம் தணிக்கும். இறுகுவதற்கு அதற்கு ஒரு கணம் வேண்டும். வெடி அந்தக் கணத்தைத் தருவதில்லை. தசை விழித்துக்கொள்வதற்குள் அதிர்ச்சி உள்காதைத் தொட்டுவிடுகிறது. ஒரே ஒரு லட்சுமி வெடியில் நிரந்தரமாகக் காது இரைச்சலை வாங்கிக்கொண்டவர்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் வருவது இதனால்தான்.

2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிகளுக்குத் தடை விதித்து, வெடிக்க இரண்டு மணி நேரத்தை ஒதுக்கியது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரித்தது. அந்த நேரக் கட்டுப்பாடு எப்படிக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை எந்தத் தெருவில் நின்றாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆணையால் ஆகாத அந்தக் காரியத்தை மனசால் செய்து காட்டிய ஊர்கள் இங்கேயே இருக்கின்றன.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாய்க்கு வலசை வந்து கூடுகட்டும் பறவைகள் சத்தத்தில் மிரண்டு பறந்துவிடும் என்பதே காரணம். கோயில் விழாவிலும் அதே கட்டுப்பாடு. ஈரோட்டை அடுத்த வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களும் இப்படித்தான். அந்த ஊர்களில் தீபாவளி நின்றுபோகவில்லை. புதுத்துணி உண்டு, பலகாரம் உண்டு, உறவுகள் வருவதும் உண்டு. எங்கிருந்தோ வந்த ஒரு நாரையின் குஞ்சுக்காக ஒரு கிராமமே சேர்ந்து எடுக்க முடிந்த முடிவை, சொந்தத் தெருவில் பிறந்த குழந்தையின் காதுக்காக நம்மால் எடுக்க முடியாதா?

சிவகாசியின் வயிற்றுப்பாட்டை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. மத்தாப்பும் புஸ்வாணமும் சங்குசக்கரமும் சிவகாசியின் தயாரிப்புகள்தான். வாங்குகிறவர்கள் ஒலியிலிருந்து ஒளிக்கு மாறினால் அங்கே வேலை மாறும், போகாது. குழந்தைகள் விரும்பிக் கேட்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான். அணுகுண்டு வெடியைத் தேடுவது பெரியவர்கள்.

சட்டம் சொல்வது என்ன?

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000இல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் சத்தம் அந்தப் பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் அல்லது மொத்தம் 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புத் தெருவில் பகலில் இதன் கணக்கு 65 டெசிபல். இருவர் சற்று உரக்கப் பேசிக்கொள்ளும் அளவு அது. மார்கழியில் நாலரை மணிக்கே முழங்கும் குழாய் ஒலிபெருக்கி எந்தக் கணக்கிலும் அடங்காது.

நம்பிக்கையில் தலையிடுவதாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி குறித்த வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத் தொழச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கட்சி மேடைக்கும் அது ஒன்றுதான். 2005 ஜூலையில் அதே நீதிமன்றம் ஒலி மாசு குறித்து விரிவான தீர்ப்பு ஒன்றைத் தந்தது. வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமி உதவி கேட்டுக் கதறியது, பக்கத்தில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியால் யார் காதிலும் விழவில்லை என்ற செய்தி அந்த வழக்குக்குத் தூண்டுதல்களில் ஒன்று. பேச ஒருவருக்கு உரிமை இருப்பதுபோல, கேட்க மறுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

‘திருவிழான்னா சத்தம் இருக்கத்தானே செய்யும்’ என்பார்கள். இருக்கட்டும். பறையும் தவிலும் நாகஸ்வரமும் மின்சாரம் வருவதற்கு முன்பே திறந்தவெளிக்காகப் பிறந்தவை. ஊரைக் கூட்ட அவற்றுக்கு மைக் தேவைப்படவில்லை. இன்று அவற்றின் இசைதான் டிஜே சத்தத்துக்கு முன்னால் காணாமல் போகிறது. கலைஞர்களின் காதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருடம் முழுவதும் ஊர் ஊராகப் போகிறவரும், ஒலிபெருக்கி அடுக்கின் நிழலிலேயே தூங்கி எழும் சவுண்ட் சர்வீஸ் பையனும்தான் அந்த விழாவில் முதலில் செவியைப் பறிகொடுக்கிறவர்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்வது அவர்களுக்காகவும்தான்.

கூட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள்

சத்தம் தொடங்கிய பிறகு போய்க் குறைக்கச் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். சாமி காரியத்தைத் தடுக்கிறான் என்று பேர் வரும். பக்கத்து வீட்டோடு பேச்சு அறுந்துபோகும். முன்பணம் கொடுக்கும் அன்று பேசினால் அது ஓர் ஒப்பந்த நிபந்தனை. யாருக்கும் கோபம் வராது. விழாக் கமிட்டி அன்றைக்கு முடிவு செய்ய வேண்டியவை சிலவே.

முதலாவது, கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம். காவல்துறை அனுமதியிலும் இந்த நிபந்தனை போடுவது வழக்கம். நம் காது மிகக் கூர்மையாக உணரும் அதிர்வெண்களைத்தான் கூம்பு குறிவைத்து வெகுதூரம் வீசுகிறது. பாட்டின் இனிமை போய், கிறீச்சிடல் மட்டும் மூன்று ஊர் தாண்டிக் கேட்கிறது. இரண்டாவது, ஒரே இடத்தில் மலைபோல் அடுக்கி அலறவைப்பதற்குப் பதிலாக, சிறிய பெட்டி ஒலிபெருக்கிகளைப் பந்தலுக்குள் பல இடங்களில் வைத்துக் குறைந்த சத்தத்தில் பேசவைப்பது. எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும். யாருக்கும் காது வலிக்காது. மூன்றாவது, அவற்றின் முகம் பந்தலைப் பார்க்கட்டும். வீடுகளையும் பள்ளியையும் மருத்துவமனையையும் பார்க்க வேண்டாம். நான்காவது, பெட்டிக்கு முன்னால் சில மீட்டர் கயிறு கட்டிவிட்டால் குழந்தைகள் ஒட்டி நிற்கமாட்டார்கள். ஐந்தாவது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பது, குமிழ் எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குவது. பங்குனி, சித்திரை விழாக்கள் தேர்வுக் காலத்தில் வருவதால், அந்த நாட்களில் மாலை நேரத்துக்குத் தனி அளவு வேண்டும்.

நம் கையில் இருப்பவை

ஊர் மாறும்வரை நம் காதை நாமும் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சு பெரிதாக உதவாது. சில டெசிபலுக்கு மேல் அது தடுப்பதில்லை. மருந்துக் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் நுரை அடைப்பானை ஒழுங்காகப் பொருத்தினால் 20 டெசிபலுக்குக் குறையாமல் தடுக்கும். பொருத்துவதில்தான் சூட்சுமம். விரல்களால் உருட்டி மெல்லிய திரியாக்கிக்கொள்ளுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் துளை நேராகும். திரியை உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது சரியாகப் போகவில்லை. கைக்குழந்தைகளுக்கு அடைப்பான் கூடாது. தலையில் மாட்டும் காதுக் கவசம் வாங்கலாம், அதைவிட நல்லது சத்தத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பது.

இயர்போன் அடுத்தது. 12 முதல் 35 வயதுக்குள் 100 கோடிக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பற்ற கேட்கும் பழக்கத்தால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான் என்பது அதன் கணக்கு. பேருந்து இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டுவதுதான் பெரிய ஆபத்து. கைபேசியில் உச்ச அளவில் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் வரம்பு வைத்துவிடலாம்.

வெடிச் சத்தத்துக்குப் பிறகு காது அடைப்போ இரைச்சலோ மறுநாளும் போகவில்லை என்றால் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. திடீர் செவித்திறன் இழப்புக்கு முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்தால் மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு சுருங்கும்.

அரசு செய்ய வேண்டியது

காவல் நிலையம் ஒலிபெருக்கிக்கு அனுமதி தரும்போது எத்தனை பெட்டி, எந்தத் திசை, எத்தனை டெசிபல், இயக்குபவர் யார் என்ற விவரங்களையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். காவல் நிலையத்துக்கு ஓர் ஒலிமானி இருந்தால் ‘சத்தம் அதிகம்’, ‘இல்லை’ என்ற வாக்குவாதத்துக்கே இடமிருக்காது. இந்து சமய அறநிலையத் துறை தன் பொறுப்பில் உள்ள கோயில்களில் இந்த அளவை முதலில் கடைப்பிடித்துக் காட்டினால் ஊர்க் கோயில்களுக்கு அது முன்மாதிரியாகும். மோட்டார் வாகன விதி பல்லிசை ஹாரன்களை 1989 முதலே தடை செய்திருக்கிறது. சோதனைச் சாவடியில் பிடித்துக் கழற்றுவதோடு, அவற்றை விற்கும் கடைகளிலும் நடவடிக்கை வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். விசைத்தறி, பட்டறைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை செவித்திறன் சோதனையை அதோடு சேர்க்க வேண்டும். பள்ளி மருத்துவப் பரிசோதனையில் உயர்நிலை மாணவர்களின் காதும் 4,000 ஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்பட வேண்டும். அந்தப் பள்ளம் பதினைந்து வயதில் தெரிந்துவிட்டால் ஆழமாகாமல் நிறுத்த ஒரு வாழ்நாளே மிச்சம் இருக்கிறது. ஐம்பது வயதில் தெரிந்தால் காதுக்குக் கருவி வாங்குவது மட்டுமே பாக்கி. கண்புரைக்கு முகாம் போட்டுப் போட்டு, பார்வை இழப்பு தலைவிதி இல்லை என்பதைத் தமிழ்நாட்டு மக்களுக்குப் புரிய வைத்திருக்கிறோம். சத்தத்தால் வரும் காது மந்தமும் தலைவிதி இல்லை. கண்புரையையாவது அறுத்துச் சரிசெய்துவிடலாம். இதைத் தடுக்க மட்டும்தான் முடியும். அதனால் கண்ணுக்குக் காட்டிய அக்கறையைவிட ஒரு படி கூடுதலாகவே காதுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.